டாப்பரில் ஒரே ஒரு தேதி மட்டும் 01-01-0001 என்று வருகிறது, உதவி தேவை

ஆத்தங்குடிக்காரன்:
வணக்கம். அப்பாவின் ஆத்தங்குடி டைல் பட்டறைக்கு சி ஷார்ப் மொழி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், குவெரி விடையை ஆப்ஜெக்டாக மாற்றித் தரும் டாப்பர் லைப்ரரி வைத்து ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறேன். டேபிளைத் திறந்தால் அப்பாவுக்கும் புரியட்டும் என்று நெடுவரிசைப் பெயர்களைத் தமிழிலேயே வைத்தேன்: நிறம், அச்சு_எண், தொட்டி_எண், ஊறும்_நாட்கள், தொட்டியில்_ஊறவைத்த_தேதி. கிளாஸிலும் இதே பெயர்கள்தான், அண்டர்ஸ்கோர் மட்டும் இல்லை.

குவெரியை போஸ்ட்கிரெஸுக்கான பிஜிஅட்மின் கருவியில் ஓட்டினால் எல்லாம் சரியாக வருகிறது. ஆப்ஜெக்டில் பார்த்தால் நிறம் மட்டும் இருக்கிறது, மற்றதெல்லாம் காலி. எர்ரர் எதுவும் இல்லை.

காரைக்குடி அண்ணன்:
தம்பி, டாப்பர் அண்டர்ஸ்கோரைத் தானாக விட்டுப் பார்க்காது. புரோகிராம் தொடங்கும் இடத்தில் டீஃபால்ட்டைப்மேப்பில் மேட்ச்நேம்ஸ்வித்அண்டர்ஸ்கோர்ஸ் என்பதை ட்ரூ ஆக்குங்கள். ஒரு முறை வைத்தால் போதும்.

ஆத்தங்குடிக்காரன்:
நன்றி அண்ணே, மற்றவை வந்துவிட்டன. ஊறவைத்த தேதி மட்டும் இன்னும் 01-01-0001. அதுதான் எனக்கு முக்கியம். அந்தத் தேதியை வைத்துத்தான் எந்தத் தொட்டியில் இருந்து கல்லை எடுக்கலாம் என்று காட்டுகிறேன். இப்போது எல்லாத் தொட்டியும் தயார் என்கிறது. இது சூளையில் வேகிற கல் இல்லை. தண்ணீரில் ஊறித்தான் சிமெண்ட் இறுகும். நேற்று ஊறப்போட்டதை நம்பி எடுத்தால் மூலை உதிர்ந்துவிடும்.

தேவகோட்டை அக்கா:
தம்பி, பிஜிஅட்மினில் விடை வரும்போது அந்த நெடுவரிசையின் தலைப்பை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். கடைசியில் ‘தேதி’ என்று இருக்கிறதா?

ஆத்தங்குடிக்காரன்:
அக்கா, ‘தேத’ என்று இருக்கிறது! நான் சரியாகத்தான் அடித்தேன்.

தேவகோட்டை அக்கா:
நீங்கள் சரியாகத்தான் அடித்தீர்கள், போஸ்ட்கிரெஸ்தான் வெட்டியிருக்கிறது. அதில் ஒரு பெயர் 63 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘த’வுக்கு 3 பைட், அதன் மேல் வரும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக 3 பைட். உங்கள் பெயர் நம் கண்ணுக்கு 12 எழுத்து. அதற்கோ 21 குறிகள், அதாவது 63 பைட், இரண்டு அண்டர்ஸ்கோரோடு 65. கடைசி இகரக் குறியை வெட்டி 62இல் நிறுத்திவிட்டது. எர்ரர் கொடுக்காது, ஒரு நோட்டீஸ் மட்டும் சொல்லும். செலெக்ட்டில் முழுப் பெயரைக் கொடுத்தாலும் அதே மாதிரி வெட்டித்தான் தேடும், அதனால் குவெரி ஓடுகிறது. டாப்பரிடம் ‘தேத’ போகிறது, கிளாஸில் ‘தேதி’ இருக்கிறது. பொருந்தாததை டாப்பர் பேசாமல் விட்டுவிடும், அதனால் தேதி டேட்டைமின் தொடக்க மதிப்பான 01-01-0001 ஆகவே நிற்கிறது.

ஆல்டர் டேபிள் போட்டு ஊறவைத்த_தேதி என்று மாற்றுங்கள், அது 34 பைட்தான். கிளாஸிலும் மாற்றுங்கள். செலெக்ட்டில் அஸ் போட்டு வேறு பெயர் கொடுப்பதானாலும் சின்னதாகக் கொடுங்கள், அதற்கும் அதே 63தான். அப்புறம் கிளாஸில் அந்த டேட்டைமை நல் (மதிப்பே இல்லை என்பது) ஏற்கும்படி வையுங்கள். தேதி வராவிட்டால் காலியாகத் தெரியட்டும். பொய்த் தேதியை வைத்துக் கணக்குப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆத்தங்குடிக்காரன்:
மாற்றிவிட்டேன் அக்கா, தேதி வந்துவிட்டது. மூன்றாம் தொட்டிக்கு இன்னும் 2 நாள் பாக்கி என்று காட்டுகிறது. அப்பாவின் நோட்டிலும் அதேதான். இரண்டு நாளாக இதிலேயே கிடந்தேன், ரொம்ப நன்றி.

காரைக்குடி அண்ணன்:
எனக்கும் இது புதுசு. ஆல்டரில் பழைய பெயரை ‘தேத’ என்றா கொடுத்தீர்கள்?

ஆத்தங்குடிக்காரன்:
இல்லை அண்ணே, முழுப் பெயரையே கொடுத்தேன். அதையும் வெட்டிப் பார்த்து ஏற்றுக்கொண்டது.