நூலில் லாட் கலந்து வந்துவிட்டது, முழுப் பணமும் கட்ட வேண்டுமா?

போயம்பாளையம் நிட்டிங்:
வணக்கம். திருப்பூரில் நாலு நிட்டிங் மெஷின் வைத்திருக்கிறேன். ஒரு மில்லில் 30ஆம் கவுண்ட் கோம்டு நூல் 20 பேக், 1,000 கிலோ, 30 நாள் கடனில் எடுத்தேன். ஒரே லாட் (ஒரே தொகுதியாக நூற்ற நூல்) வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தேன். லோடு இறங்கி இன்றோடு 9 நாள். 8 பேக் பின்னி சாயத்துக்குப் போய், நேற்று நேவி ப்ளூவில் திரும்பி வந்தது. துணி முழுக்கப் பட்டை பட்டையாக நிற வித்தியாசம். கோன் ஸ்டிக்கரைப் பார்த்தால் இரண்டு லாட் நம்பர்! மில்லில் கேட்டால், "பின்னிட்டீங்கல்ல, முழுசாக் கட்டிருங்க" என்கிறார்கள். மீதி 12 பேக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, பணம் கட்டாமல் விடலாமா?

பழைய கணக்கர்:
தம்பி, ஒரு பைசாவும் கட்டாமல் விட முடியாது. நூல் வியாபாரத்தில் 26 வருடம் கணக்கு எழுதியவன், இதில் சிக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1930ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டம், 31ஆம் பிரிவு: விற்றவர் சரக்கைக் கொடுக்க வேண்டும், வாங்கியவர் ஏற்றுக்கொண்டு பணம் கொடுக்க வேண்டும். பிரித்துப் பார்க்க அவகாசம் கேட்கும் உரிமை 41ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் விற்றவரின் சரக்கு என்று இனி சொல்ல முடியாதபடி ஒரு காரியம் செய்துவிட்டால், ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்கிறது 42. நூலைப் பின்னியது அப்படிப்பட்ட காரியம்தான்.

உங்களுக்கு வலிக்கும் இடம் 13ஆம் பிரிவு. 20 பேக்கும் பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம் என்றால், 8 பேக்கை ஏற்றுக்கொண்ட பிறகு மற்ற 12ஐயும் நிராகரிக்க முடியாது. அதற்காக மில்காரர் சொல்வதும் முழுசாகச் சரி இல்லை. 59ஆம் பிரிவுப்படி, குறைக்கான நஷ்டத்தை விலையில் கழித்துக் கேட்கலாம். தகராறு இல்லாத தொகையைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள், கழிப்பது எவ்வளவு, ஏன் என்று எழுத்தில் கொடுங்கள். போன் பேச்சை அப்புறம் நிரூபிப்பது கஷ்டம்.

ஆடிட்டர் ஆபீஸ்:
அண்ணா, அந்த மில் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தி நிறுவனமா என்று பில்லில் பாருங்கள். அப்படியானால் 2006ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டமும் சேரும். எழுத்தில் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் கடன் இழுக்க முடியாது, எதுவும் பேசாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. சரக்கைப் பற்றிய ஆட்சேபணையை இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தால், அது தீர்ந்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடும். உங்களுக்கு இன்னும் 6 நாள் இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள்.

போயம்பாளையம் நிட்டிங்:
ரொம்ப நன்றிங்க. உத்யம் நம்பர் பில்லில் இருக்கிறது. ஸ்டிக்கர், துணி இரண்டையும் போட்டோ எடுத்து, ஈமெயிலும் ஸ்பீட் போஸ்ட்டும் இன்றே அனுப்பிவிட்டேன். மீதி 12 பேக்கை என்ன செய்ய?

பழைய கணக்கர்:
மில் ஆள் வந்து பார்க்க இரண்டு நாள் கெடு கொடுங்கள், அதுவரை தொட வேண்டாம். அப்புறம் லாட் வாரியாகப் பிரித்து, ஒரு மெஷினுக்கு ஒரு லாட் என்று ஓட்டுங்கள், கலக்காவிட்டால் அந்தப் பட்டை விழாது. குறைக்கக்கூடிய நஷ்டத்தைக் குறைக்காமல் விட்டால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் அதையே உங்களுக்கு எதிராகக் கேட்பார்கள். 8 பேக் துணியை எந்த விலைக்குத் தள்ளினாலும் பில் போட்டே தள்ளுங்கள். சாயக்கூலி ரசீதும் பத்திரம்.