சீனியர் வராத திங்கட்கிழமை

வழக்கறிஞர் திடீரென்று நோயுற்றாலோ இறந்தாலோ அவருடைய வழக்குகள் என்ன ஆகும்? நால்வரின் அனுபவங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, உரிமையியல் வழக்கறிஞர்:

எங்கள் சீனியருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில். மறுநாள் மூன்று நீதிமன்றங்களில் பதினொரு வழக்குகள் இருந்தன என்பதே, காலையில் அவருடைய மேசை டைரியைத் திறந்த பிறகுதான் எனக்கும் குமாஸ்தாவுக்கும் தெரிந்தது. அந்த டைரியில் ஓ.எஸ். (அசல் வழக்கு) எண்ணும் வாய்தா தேதியும் தவிர வேறு எதுவும் இருக்காது. அந்த வாய்தா எதற்கு, எந்தச் சாட்சியை வரச்சொல்லியிருக்கிறார், எதிர்த்தரப்போடு சமரசம் பேசப்படுகிறதா என்பவையெல்லாம் அவருடைய நினைவில் மட்டுமே இருந்தன. அவரோ நாற்பது நாள்கள் பேசவில்லை.

முதல் வாரத்தில் எல்லா நீதிபதிகளும் தயங்காமல் வாய்தா கொடுத்தார்கள். சிக்கல், கட்சிக்காரர் தமக்காக ஆஜராக வழக்கறிஞருக்கு எழுதிக்கொடுக்கும் வக்காலத்தில்தான் தொடங்கியது. அண்மை வழக்குகளில் அவர் பெயரோடு என் பெயரும் இருந்தது. பழைய வழக்குகளில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 3, விதி 4இன்படி, நீதிமன்ற அனுமதியோடு எழுத்துமூலம் முடித்துக்கொள்ளும் வரையிலோ, கட்சிக்காரர் அல்லது வழக்கறிஞர் இறக்கும் வரையிலோ, வழக்கின் நடவடிக்கைகள் முடியும் வரையிலோ வக்காலத்து நடப்பில் இருக்கும். அதாவது, வழக்கறிஞர் இறந்துவிட்டால் வக்காலத்து அன்றே முடிந்து, கட்சிக்காரர் வேறொருவருக்கு எழுதிக்கொடுக்கலாம். எங்கள் சீனியர் உயிரோடு இருந்தார். கையெழுத்திட முடியவில்லை, அவ்வளவுதான். ஏற்கெனவே வக்காலத்து உள்ள வழக்கில் அந்த வழக்கறிஞரின் சம்மதமின்றி மற்றொருவர் ஆஜராகக் கூடாது என்றும், சம்மதம் கிடைக்காவிட்டால் காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்றும் இந்திய பார் கவுன்சிலின் விதி 39 கூறுகிறது. எனவே ஒவ்வொரு பழைய வழக்கிலும் மருத்துவச் சான்றை இணைத்துத் தனித்தனியே மனுப் போட்டோம். உயில் எழுதி வைத்திருக்கும் வழக்கறிஞர்களை எனக்குத் தெரியும். நாற்பது நாள் பேச முடியாமற்போனால் என்ன செய்வது என்று எழுதி வைத்தவர் ஒருவரையும் அதுவரை நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில், வாய்தா தேதியைத் தவறாகக் குறித்துக்கொண்டதால், ஒரு பாகப்பிரிவினை வழக்கு ஆஜராகாமைக்காகத் தள்ளுபடியாகிவிட்டது. அதை மீட்க மனுச் செய்யும் காலம் 30 நாள்கள். எங்களுக்குத் தெரிந்தபோது 71ஆம் நாள். காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரினோம். செலவுத்தொகை கட்டச் சொல்லி அனுமதித்தார்கள். வழக்கறிஞரின் தவறுக்காகக் குற்றமற்ற கட்சிக்காரர் துன்புறக் கூடாது என்று ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வாதத்தில் எடுத்துக்காட்டினேன். அந்தத் தீர்ப்பை நம்பி ஓர் அலுவலகத்தை நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும்.

திருச்சியிலிருந்து, மறைந்த வழக்கறிஞர் ஒருவரின் மகள் (ஆசிரியை):

அப்பா 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் காலமானார். 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தைக் காலவரையறைக் கணக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் விலக்கியிருந்ததால் பல வழக்குகள் தப்பின என்று அவருடைய நண்பர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கிருந்த கவலை வேறு. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள், முகக்கவசம் அணிந்த முன்பின் தெரியாத மனிதர்கள் வாசலில் நின்று, "சாரிடம் கொடுத்த கட்டு வேண்டும், அம்மா" என்று கேட்கத் தொடங்கினார்கள். சில வழக்குக் கட்டுகளில் மூலப்பத்திரங்கள் இருந்தன. வரவேண்டிய பீஸ் வந்த பிறகு கொடுக்கலாம் என்று ஓர் உறவினர் அறிவுறுத்தினார். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வழக்கறிஞரே பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பாகிவிட்டது என்றும், அவருக்கு இல்லாத உரிமை வாரிசுகளுக்கு எப்படி வரும் என்றும் அப்பாவின் நண்பர் கேட்டார். அதன்பிறகு அடையாள அட்டையின் நகலும் கையொப்பமிட்ட ரசீதும் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தோம்.

ஒருவரிடம் மட்டும் ஏமாற இருந்தேன். அவர் சொன்ன வழக்கு எண் சரியாக இருந்தது, ஊரும் சரியாக இருந்தது. கட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள், மேலட்டையைப் படித்துவிட்டு நின்றேன். அப்பா வாதிக்காக ஆஜரானவர். வந்திருந்தவரோ பிரதிவாதியின் மைத்துனர். தொழில்முறைத் தொடர்பு முடிந்த பின்னும் இரகசியம் காக்கும் கடமை தொடரும் என்று அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொல்கிறதாம் (இன்று அது பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 132ஆம் பிரிவு). அதை வீட்டில் உள்ளவர்களுக்கு யார் சொல்லி வைப்பது?

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர்ட் கட்டணத்துக்கென்று கட்சிக்காரர்கள் கொடுத்த தொகை அப்பாவின் சொந்தச் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தது. எது யாருடையது என்பதை அவர் கையால் எழுதிய துண்டுச்சீட்டுகளைக் கொண்டு பிரித்தெடுக்க ஐந்து மாதங்கள் ஆயின.

மதுரையிலிருந்து, வழக்கறிஞர் குமாஸ்தா:

ஐயா மருத்துவமனையில் இருந்தபோது, இ-கோர்ட்ஸ் செயலியில் அவருடைய பார் பதிவு எண்ணை இட்டுத் தேடினால் நடப்பு வழக்குகள் பட்டியலாக வரும் என்று ஒரு ஜூனியர் காட்டிக்கொடுத்தார். வந்தது, ஆனால் இன்னும் தாக்கலாகாத வேலைகளை எந்தச் செயலியும் காட்டாது. அலமாரியின் கீழ்த்தட்டில், பணமின்றித் திரும்பிய காசோலை ஒன்று வங்கிக் குறிப்போடு ஒரு கவரில் இருந்தது. குறிப்பு கிடைத்த 30 நாள்களுக்குள் காசோலை கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். அது கடந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. புகார் தாக்கல் செய்வதில் ஏற்படும் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம், நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழி இல்லை என்று ஜூனியர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. நல்ல வேளையாகக் காசோலை செல்லுபடியாகும் 3 மாதக் காலம் முடியவில்லை. மறுபடியும் வங்கியில் போட்டு, மறுபடியும் திரும்பி வந்த பிறகு, அன்றே நோட்டீஸ் அனுப்பினோம். அதற்குப் பின் தாக்கலாகாதவற்றுக்கென்று சிவப்பு அட்டை போட்ட தனி நோட்டு ஒன்றை நானே வைத்திருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து, தனியாகத் தொழில் செய்யும் வழக்கறிஞர்:

மேலே உள்ளவற்றில் பாதி என் தோழி ஒருவருக்கு நேர்ந்ததைக் கண்ட பிறகு, நான் மூன்று காரியங்கள் செய்தேன். புதிய வக்காலத்து எல்லாவற்றிலும் இரண்டாவது பெயரைச் சேர்த்து, அவருடைய ஏற்புக் கையொப்பத்தையும் வாங்குகிறேன். மின்தாக்கல் கணக்கின் ஓ.டி.பி. என் கைபேசிக்கு வருவதால், கைபேசியின் திறப்பு எண்ணை ஒட்டிய உறையில் என் கணவரிடம் கொடுத்திருக்கிறேன். கட்சிக்காரர்களின் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கினேன்.

இரண்டாவது பெயருக்கு உரியவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருந்தது. நான் நம்பும் சக வழக்கறிஞர் ஆறு வழக்குகளில் எனக்கு எதிர்த்தரப்பு. அந்த ஆறுக்கும் வேறொருவரை நியமிக்க வேண்டியதாயிற்று. கட்சிக்காரர் ஒருவர், "மேடம் வெளியூர் போகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, வேறு அலுவலகத்துக்கே போய்விட்டார். தேதியிடாத சம்மதக் கடிதங்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்தால் போதுமே என்று சிலர் சொல்கிறார்கள். தேதியில்லாத கையெழுத்தால் வந்த வழக்குகளை நடத்திச் சாப்பிடுகிறவள் நான். அதற்கு நான் உடன்படவில்லை.

தஞ்சாவூரிலிருந்து மீண்டும்:

கட்சிக்காரர் இறந்தது தெரியவந்தால் வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டளை 22, விதி 10ஏ சொல்கிறது. அந்த நோக்கத்துக்காக, இறந்தவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் தொடர்வதாகவே சட்டம் கருதுகிறது. அந்த விதியில் வழக்கறிஞரின் இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சீனியர் என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்காக: அவர் எட்டு மாதங்களுக்குப் பிறகு அலுவலகம் வந்தார். நீதிமன்றத்துக்குப் போவதில்லை. மாலையில் என்னையும் குமாஸ்தாவையும் உட்காரவைத்து, டைரியில் புதிதாகக் கோடு கிழித்த மூன்றாவது பத்தியில், ஒவ்வொரு வாய்தாவும் எதற்கு என்பதை இடது கையால் எழுதுகிறார். நேற்று வரை மார்ச் மாதம் முடிந்திருக்கிறது.