கிறவல் ரோட்டும் நைட்ரோகிளிசரினும்

அண்மையில் பார்த்த திரில்லர்களில் என்னைக் கதிரை நுனியில் இருத்தியது 1953இல் வந்த கறுப்பு வெள்ளை பிரெஞ்சுப் படம் ஒன்று. 'த வேஜஸ் ஒஃப் ஃபியர்', ஹென்றி ஜோர்ஜ் குளூசோ எடுத்தது. தென்னமெரிக்காவில் எங்கேயோ எண்ணெய்க் கிணறு தீப்பற்றி எரிகிறது. அதை வெடி வைத்து அணைக்க நைட்ரோகிளிசரின் என்ற வெடிதிரவம் வேண்டும். அதைக் கொண்டுபோக இரண்டு லொறி, நாலு பேர், ஆளுக்கு 2000 டொலர். குலுங்கினால் கதை முடிந்தது. கதை நடப்பது தென்னமெரிக்காவில் என்றாலும் படம் பிடித்தது பிரான்சின் தெற்கில்.

தொடக்கம் இழுவை, அதை மறைக்க மாட்டேன். வேலையில்லாத ஆண்கள் வெயிலில் சும்மா குந்தியிருப்பதைக் குளூசோ காட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் லொறி கிளம்பிய பிறகு எழும்ப முடியாது. அதிலும் ஒரு துண்டு ரோட்டு வரும். மேடும் பள்ளமுமாக, வரிவரியாக அலையடித்த ரோட்டு. ஒன்றில் நல்ல வேகத்தில் அலைகளின் தலைகளை மட்டும் தொட்டபடி பறக்க வேண்டும், இல்லையென்றால் ஊர்ந்து போக வேண்டும். நடு வேகத்தில் போனால் வண்டி உதறிவிடும். முல்லைத்தீவின் ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் உள்ளுக்குள் ஓடும் கிறவல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழைக்குப் பிறகு ரிப்பர் லொறிகள் ஓடி ஓடி அதே அலையைத்தான் போட்டு வைத்திருக்கும். பின்னால் முட்டைத் தட்டைக் கட்டிக்கொண்டு ஓடிப் பாருங்கள், படம் விளங்கும்.

என்னோடு சேர்ந்து பார்த்தவர்களில் பக்கத்து வீட்டு அக்காவும் ஒருவர். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர், வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வறண்டியவர். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்க, அவர் வேலை மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரிப் பார்த்தார். லொறிகள் நேர இடைவெளி விட்டுக் கிளம்பியபோது, "ஓம், அது சரி. ஒருத்தற்ற பிழை மற்றவனுக்குப் போகக்கூடாது" என்றார். ஜோ என்ற பாத்திரம் பயத்தில் உடைந்துபோவதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது. அவருக்கு வரவில்லை. "கை நடுங்கிறவனை அண்டைக்கு வீட்டை அனுப்பவேணும் தம்பி. ஏன் வைச்சிருக்கினம்?"

இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கள். ஜோ ஒரு சிகரெட் சுற்றுகிறான். கடதாசியில் புகையிலையை நிரவி வைத்திருக்கிறான். சட்டென்று ஒரு காற்று, புகையிலைத் தூள் அவ்வளவும் பறந்து வெறுங்கடதாசி மட்டும் கையில் நிற்கிறது. முன்னால் போன லொறி வெடித்துவிட்டது. அந்த லொறி சிதறுவதைக் கிட்ட வைத்துக் காட்டவே இல்லை. அந்த இடத்தில் அக்கா வாயே திறக்கவில்லை.

இதைப் பார்த்த பிறகு இந்தக் காலத்துத் திரில்லர்களில் எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது. 2023இல் வந்த 'போர் தொழில்' நல்ல படம்தான். சரத்குமாரின் அந்த முறைத்த முகமும் முதல் பாதி இரவுகளும் பிடித்தன. கொலைகாரனின் சின்ன வயதுக் கதையை எடுத்து விளக்கத் தொடங்கியதும் பயம் ஆறிப்போனது. ஏன் கொல்கிறான் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அவன் ஒரு நோயாளி, அவ்வளவுதான்.

'நோ கன்ட்ரி ஃபோர் ஓல்ட் மென்' அதைச் செய்யவில்லை. 2007இல் கோயன் சகோதரர்கள் எடுத்தது, சிறந்த படத்துக்கான ஒஸ்காரும் கிடைத்தது. கொலைகாரன் நாணயத்தைச் சுண்டிக் கடைக்காரனின் உயிரைத் தீர்மானிக்கும் பெற்றோல் செட் காட்சியைப் பற்றி எல்லோரும் அந்த நாணயத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்தக் கஜு பக்கெற். தின்று முடித்து, கசக்கி, மேசையில் வைக்கிறான். அது தானாக மெல்ல மெல்ல விரிகிறது, சரசரவென்று. பின்னணி இசை என்று படத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததால் அந்தச் சின்னச் சத்தம் காதுக்குள் வந்து நிற்கிறது. முடிவில் பெரிய சூட்டுச் சண்டை வரும் என்று காத்திருந்த ஒரு பொடியன், கிழட்டு ஷெரிப் தான் கண்ட கனவைச் சொல்லிப் படம் முடிந்ததும், "அண்ணை, கொப்பி பிழையோ? கடைசி வெட்டுப்பட்டுப் போச்சு" என்று பென்டிரைவைக் கழற்றி ஊதினான்.

வெஸ்டேர்ண், அதுதான் கௌபோய்ப் படம், என்றால் எங்கள் வீட்டில் மாமாதான் நீதிபதி. பட்டி மாடு வைத்திருக்கிறவர். துவக்கை யார் முதலில் எடுத்தான் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். மாடு மெலிந்திருக்கிறதா, தண்ணி எங்கே, குதிரைக்கு யார் புல் போடுகிறான் என்றுதான் கேட்பார். அவருக்குப் பிடித்தது 2016இல் வந்த 'ஹெல் ஓர் ஹை வோட்டர்'. தாயின் காணியை வங்கி விழுங்கப் பார்க்கிறது. அண்ணனும் தம்பியும் அதே வங்கியின் சின்னக் கிளைகளில் கொள்ளையடித்து அந்தக் காசாலேயே கடனைக் கட்டப் பார்க்கிறார்கள். கிழமைக்குக் கிழமை நுண்கடன்காரன் படலையில் நிற்பதைக் கண்ட ஊரில் இந்தக் கதைக்கு முன்னுரை வேண்டாம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் சிறிய நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. கொள்ளையர் பக்கம் கை தட்டுவது சரியா என்று நான் கேட்டேன். "அவங்கள் ஆற்றையும் காசை எடுக்கேல்லையே" என்றார் மாமா. எடுத்தார்கள்தான், ஆளும் செத்தது. அதைச் சொன்னதும் பேச்சை மாட்டுக்குத் திருப்பிவிட்டார்.

அந்தப் படத்தில் தீக்கு முன்னால் மாட்டுக் கூட்டத்தை ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துக்கொண்டு போகும் ஒருவன் வருவான். தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வராததில் என்ன அதிசயம் என்கிற மாதிரிச் சலித்துக்கொள்வான். ஒரு நிமிடக் காட்சிதான். மாமா அதைத் திருப்பிப் போடச் சொன்னார். காலபோக விதைப்புத் தொடங்கினால் பட்டியைக் காட்டுக்கரைக்குச் சாய்க்க வேண்டும், மேய்ச்சல் தரை வருடா வருடம் சுருங்குகிறது, அவருடைய மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான்.

செர்ஜியோ லியோனியின் 'வன்ஸ் அப்போன் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) மட்டும் அவரோடு ஒத்துவரவில்லை. எனக்கு அது எல்லாவற்றுக்கும் மேல். மூன்று பேர் ரயில் வரும்வரை காத்திருக்கிறார்கள், பத்து நிமிடத்துக்கு மேல் பேச்சே இல்லை. காற்றாடி கிறீச்சிடுகிறது, ஒருவனின் தொப்பியில் நீர் சொட்டுகிறது, இன்னொருவன் முகத்தில் ஊரும் இலையானைத் துவக்குக் குழாய்க்குள் அடைத்துச் சிரிக்கிறான். சுடுவது ஒரு நொடி. ஃபானை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டிய படம் இது.

மாமா ஃபானைப் போடச் சொன்னார். "சுடுறதுக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறவனை வாய்க்காலுக்குத் தண்ணி திறக்க விட்டால் பயிர் கருகிப்போம்" என்று பாதியில் எழும்பிப் படுக்கப் போனார். படமும் இரண்டே முக்கால் மணித்தியாலம், மிச்சத்தை அடுத்த நாளைக்கு வைத்தோம். அடுத்த நாள் பட்டியை அடைத்துவிட்டு, கால் கூடச் சரியாகக் கழுவாமல், முதல் ஆளாக வந்து முன் கதிரையில் இருந்தது அவர்தான்.