பழைய வண்டி ட்ரையல்ஸ் பார்க்கப் போறேன்: எங்கிட்டு நிக்கணும், எதைப் பார்க்கணும்?

நாகமலை_நடை கேட்டது:

வர்ற தை மாசம் மேலூருக்கு வடக்க ஒரு பட்டா நிலத்துல பழைய வண்டிகளுக்கு மட்டும் ட்ரையல்ஸ் (கரடுமுரடான தடத்துல கால் ஊன்றாம ஓட்டுற போட்டி) வைக்கிறாங்க. புல்லட், ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் எல்லாம் வருது. 8 செக்‌ஷன் (கொடி நட்டுப் பிரிச்ச சின்னத் தடம்), 3 சுற்று. பாறை, ஓடை, சரளை மேடு மூணும் இருக்காம். ரேஸும் மோட்டோகிராஸும் பார்த்துப் பழக்கம். இது யார் முந்துறாங்கன்னு பார்க்கிற ஆட்டம் இல்லைன்னு மட்டும் தெரியும். மார்க் எப்படிப் போடுவாங்க? பார்க்கிறவன் எங்க நிக்கணும்? ஓட்டுறவர் கெட்டிக்காரரா இல்லையான்னு எதை வச்சுச் சொல்றது? 4 கியர் பழைய புல்லட்ட இதுல இறக்குறதுன்னா என்னென்ன மாத்தணும்னும் சொல்லுங்க.

ஓடைக்கரை எழுதியது:

முதல்ல மார்க். இதுல மார்க் வாங்குனா நட்டம், கம்மியா வாங்குனவர்தான் ஜெயிப்பார். கால் ஊன்றாம செக்‌ஷன முடிச்சா 0. ஒரு தடவை ஊன்றினா 1, ரெண்டு தடவைன்னா 2, அதுக்கு மேல எத்தனை தடவை ஊன்றினாலும் 3. வண்டியோட விழுந்தா, கொடிக்கு வெளிய போனா, யாராச்சும் கை கொடுத்துத் தூக்கிவிட்டா 5. மூணு தடவை ஊன்றிட்ட ஆளு அதுக்கப்புறம் ரெண்டு காலையும் துடுப்பு மாதிரி போட்டுத் தள்ளிக்கிட்டே மேல ஏறுவார். பார்க்கச் சிரிப்பா இருக்கும், ஆனா விவரமான ஆளு. 5க்குப் பதிலா 3ல தப்பிச்சிட்டாரே.

ஊன்றுறதுன்னா கால் மட்டும் இல்லை. கை பாறையில பட்டாலும், ஹேண்டில் மரத்துல சாஞ்சாலும் கணக்குத்தான். டயர், ஃபுட்ரெஸ்ட், இன்ஜினுக்கு அடியில இருக்கிற காப்புத் தகடு இது மூணும் உரசினா மட்டும் கணக்குல வராது.

உங்க போட்டிக்கு 8 செக்‌ஷன் 3 சுற்றுன்னா மொத்தம் 24 தடவை. எல்லாத்துலயும் விழுந்தா 120. ஒருத்தர் 15 தடவை சுத்தமா முடிச்சு, அஞ்சுல 1, ரெண்டுல 3, ரெண்டுல 5 வாங்கினா மொத்தம் 21. ரெண்டு பேர் சமமா வந்தா 0 யாருக்கு அதிகமோ அவர் முன்னாடி.

செக்‌ஷனுக்குள்ள போகும்போது வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் நீலக் கொடி. ரெண்டுக்கும் நடுவுலதான் போகணும். முன் சக்கர அச்சு ஆரம்பக் கோட்டைத் தாண்டினதுல இருந்து முடிவுக் கோட்டைத் தாண்டுற வரைக்கும்தான் கணக்கு. அதுக்கு முன்னாடி ஓட்டுறவங்க நடந்தே போய்ப் பார்ப்பாங்க. அந்த நேரத்துல நீங்களும் பக்கத்துல நின்னு அவங்க கண்ணு எங்க போகுதுன்னு கவனிங்க. ஒரு கல்லைக் காலால ஆட்டிப் பார்த்துட்டு நகர்ந்தா, முன் சக்கரம் அந்தக் கல்லுலதான் ஏறப்போகுதுன்னு அர்த்தம்.

நிக்கிற இடம்: ஏத்தத்துல வண்டிக்கு நேர் கீழ ஒருக்காலும் நிக்காதீங்க. பாதி ஏத்தத்துல இன்ஜின் அணைஞ்சா 160 கிலோவுக்கு மேல கனக்கிற புல்லட் பின்னாடி உருளும், முன் பிரேக்க பிடிச்சாலும் சரளையில அப்படியே சறுக்கும். ஏத்தத்தோட தலைப்பக்கம், எல்லைக்குக் கட்டின ரிப்பனுக்கு வெளிய, பக்கவாட்டுல 5 மீட்டராவது தள்ளி நில்லுங்க. வளைவுன்னா உள்பக்கம். வெளிப்பக்கம்தான் வண்டி அகலும். ஆக்ஸிலேட்டர் கேபிள் சிக்கினா நேரா அங்கதான் பாயும்.

புல்வெளி_48 எழுதியது:

அண்ணே, செக்‌ஷனுக்குள்ள வண்டி நின்னா என்னன்னு நீங்க சொல்லல. அதுலதான் சண்டையே வரும். ரெண்டு விதமான சட்டம் இருக்கு. ஒண்ணுல, கால் ஊன்றாம வண்டிய நிறுத்திச் சமன் பண்ணிட்டுப் போகலாம், மார்க் கிடையாது. இன்னொண்ணுல, சக்கரம் முன்னோக்கி உருள்றது நின்னாலே 5. பழைய வண்டிப் போட்டிகள்ல வழக்கமா ரெண்டாவதுதான். அந்தக் காலத்து வண்டி நின்ன இடத்துல துள்ளிக் குதிச்சுத் திரும்புற வண்டி இல்ல, உருண்டுக்கிட்டே இருக்கணும். காலையில ஓட்டுநர் கூட்டத்துல எந்தச் சட்டம்னு சொல்லுவாங்க, அதைக் கேட்டுட்டு அப்புறம் வேடிக்கை பாருங்க. இல்லைன்னா நடுவர் 5 போடும்போது அநியாயம்னு கத்திக்கிட்டு நிப்பீங்க.

'பழைய வண்டி'ங்கிறதுக்கு பிரிட்டன்ல வழக்கமா 1965தான் கோடு. ஸ்காட்லாந்துல நடக்குற ஆறு நாள் ட்ரையல்ஸ்ல அந்த வருசம் சாமி மில்லர் ஸ்பெயின் நாட்டு புல்டாகோ டூ ஸ்ட்ரோக்குல ஜெயிச்சார். 100 கிலோவுக்கும் கீழ இருந்த வண்டி அது. அதுவரைக்கும் அங்க கொடிகட்டிப் பறந்த பிரிட்டிஷ் ஃபோர் ஸ்ட்ரோக் கனத்த வண்டிகளுக்கு அதோட காலம் முடிஞ்சது. நம்ம ஊர்ல 90கள் வரைக்கும் பழைய அமைப்பிலேயே வண்டி வந்ததால, இங்க அந்தக் கோட்டை அப்படியே போட்டா ஆளே தேறாது.

புல்லட்டுக்கும் இந்த ஆட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. பின்பக்கம் ஸ்விங் ஆர்ம் வச்ச முதல் புல்லட் 1948ல இங்கிலாந்துல கோல்மோர் கோப்பை ட்ரையல்ஸ்லதான் முதல்ல தலைகாட்டுச்சு. பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வச்சா பிடிமானம் போயிடும்னு நினைச்சிருந்த காலம் அது. 1952லயும் 1957லயும் ஜானி பிரிட்டன் அதே ஆறு நாள் போட்டியை ராயல் என்ஃபீல்டுல ஜெயிச்சார்.

பட்டறைப்பேச்சு எழுதியது:

கெட்டிக்காரரக் கண்டுபிடிக்கக் காது போதும். புல்லட் 70 மி.மீ. போர் (சிலிண்டர் அகலம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்). கனமான ஃபிளைவீல். கல்லு மேல ஏறும்போதும் 'டப்... டப்...'னு ஒவ்வொரு அடியும் எண்ணுற மாதிரி கேட்டா ஓட்டுறவருக்குக் கை பேசுதுன்னு அர்த்தம். 'டர்ர்ர்'னு கேட்டா பின் சக்கரம் சுத்துது, மண்ணைப் பறிக்குது, அடுத்த விநாடி கால் ஊன்றும். கிளட்ச் லீவர்ல ஒரு விரல்தானா, நாலு விரலுமான்னு பாருங்க. முழங்கால் மடிஞ்சு, வண்டி மட்டும் சாய்ஞ்சு, ஆளு செங்குத்தா இருக்கணும். முன் சக்கரத்தைக் குனிஞ்சு பார்க்கிறவர் தவறுவார். ரெண்டு மீட்டர் முன்னாடி பார்க்கிறவர் பைய உருட்டி வெளிய கொண்டுவந்துடுவார்.

இறக்கத்துல இன்னொரு வேடிக்கை. பழைய புல்லட்டுல கியர் வலது கால், பிரேக் இடது கால். முதல் கியர் மேல தூக்கணும், மத்தது கீழ மிதிக்கணும். புது வண்டி ஓட்டிப் பழகின ஆளு பதற்றத்துல வலது கால அமுக்குவார். பிரேக் பிடிக்காது, முதல் கியர்ல இருந்து நியூட்ரலுக்கோ இரண்டாவதுக்கோ விழும். இன்ஜின் பிடி விட்டுப்போய் வண்டி பள்ளத்துல ஓடும். இறக்கத்துல ரிப்பன் ஓரமா நிக்கிறதுன்னா இதை மனசுல வச்சுக்கங்க.

மாத்த வேண்டியதுன்னு கேட்டீங்க. முதல்ல கியரிங். பின் பல் சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு, அதைத் தொட முடியாது. கியர் பாக்ஸ் பக்கத்துச் சின்ன ஸ்ப்ராக்கெட்டத்தான் மாத்தணும், அதுக்குக் கிளட்ச், பிரைமரி செயின், உள் கேஸ் எல்லாம் கழட்டணும். 17 பல்லுக்குப் பதிலா 16 போட்டா வேகம் சுமார் 6 சதவீதம் இறங்கும், 15ன்னா 12. செயின் நீளமும் குறைக்கணும். ஸ்பார்க்குக்கான பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள்ள இருக்கட்டும். ஸ்பார்க் அடிக்கிற டைமிங்கக் கொஞ்சம் பின்தள்ளி வச்சா அடி வேகத்துல எதிர்த்து உதைக்காது. ஆனா ரொம்பத் தள்ளினா இன்ஜின் கொதிக்கும், சைலன்சர் வளைவு நீலமாகும். ஃபுட்ரெஸ்ட் பின்னால, கீழ இறங்கணும். நின்னுக்கிட்டே ஓட்டுற ஆட்டம் இது, உட்காருற இடத்துக்கு ஏத்த ஃபுட்ரெஸ்ட் உதவாது.

இரட்டைப்புகை எழுதியது:

டூ ஸ்ட்ரோக்குப் பங்கையும் சொல்லிடுறேன். ஜாவாவும் எஸ்டியும் கியர் லீவர அமுக்குனாலே கிளட்ச் விடுற அமைப்பு. நின்னுக்கிட்டு ஓட்டும்போது பூட்ஸ் நுனி லீவர்ல பட்டாலே கிளட்ச் பாதி விட்டுடும், ஏத்தத்துல இன்ஜின் மட்டும் கூவும், வண்டி நகராது. பார்க்கிறவங்க 'பவர் இல்லை'ம்பாங்க. காரணம் பாதம்தான். ராஜ்தூத் 175க்கு மூணே கியர். முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி பெருசு, அதனால செக்‌ஷன் முழுக்க முதல் கியர்லயே போகணும்.

பிளக் கருகுறதுதான் பெரிய தொல்லை. பெட்ரோல்ல லிட்டருக்கு 40 மி.லி. ஆயில் கலந்து அரை மணி நேரம் ஆமை வேகத்துல ஓட்டினா, எரியாத ஆயில் பிளக்குல படிஞ்சு ஸ்பார்க் அடிபடும். ரெண்டு செக்‌ஷனுக்கு நடுவுல திறந்த பாதையில ஒரு தடவை நல்லா முறுக்கித் துப்பவிடணும். சட்டைப் பையில ஒரு பிளக்கும் ஸ்பேனரும் கட்டாயம். செக்‌ஷன் வரிசையில நிக்கும்போது இன்ஜின அணைச்சிடுறவங்கதான் விவரமானவங்க. காத்தே படாத நிலையில 10 நிமிசம் ஓடவிட்டா மதுரை வெயிலுக்கு சிலிண்டர் கொதிச்சுப் பிஸ்டன் பிடிக்கும்.

நாகமலை_நடை கேட்டது:

நன்றிண்ணே. பட்டன் டயர் போட்டுக் காத்தைக் குறைக்கணும்கிறாங்களே, நம்ம பக்கம் சீமைக் கருவேல முள்ளுக்கு அது தாங்குமா? மழை பெய்ஞ்சா கரிசல்ல வைக்கலாமா?

பட்டறைப்பேச்சு எழுதியது:

தாங்காது, அதனால இடத்தைத்தான் சுத்தம் பண்ணணும். டியூப் போட்ட கனத்த வண்டிக்கு 8 பி.எஸ்.ஐ. சுமாரா இறக்குனா டயர் பாறையைக் கவ்வும். ஆனா அந்தக் காத்துல டயர் ரிம்முக்குள்ள வழுக்கிச் சுத்தி, டியூப் கழுத்தை வால்வோட பிச்சிடும். டயர ரிம்மோட இறுக்கிப் பிடிக்கிற ரிம் லாக் போடணும். வால்வு நட்டை ரிம்மோட இறுக்காம, மூடிப்பக்கம் ஏத்தி வையுங்க. வால்வு சாய்ஞ்சு நின்னா டியூப் நகருதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுடும். முள்ளு குத்தினா உடனே உருவாதீங்க. உருவினா காத்து போயிடும், குத்தின முள்ளு அப்படியே இருந்தா செக்‌ஷன முடிச்சுட்டு வெளிய வர்ற அளவுக்குத் தாங்கும். வேடிக்கை பார்க்க வர்றவங்க செருப்புப் போட்டுட்டு வராதீங்க, அந்த முள்ளு ரப்பர ஊடுருவிப் பாதத்துல நிக்கும்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் நனைஞ்சா ஆட்டமே கிடையாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல அப்பி, சக்கரம் நின்னே போயிடும். மேலூர் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் மழை விட்டு ரெண்டு நாள்ல சரியாகும். காய்ஞ்ச பாறை நல்லாவே பிடிக்கும், அது மேல தூவின மாதிரி கிடக்கிற சரளைதான் உருட்டிவிடும். கார்த்திகையில பாசி படிஞ்ச பாறைன்னா கிட்டயே போக வேணாம்.

ஓடைக்கரை எழுதியது:

ஒண்ணு சேர்த்துக்கங்க. 'அங்க நல்ல பாறை இருக்கே'ன்னு யாராச்சும் அரிட்டாபட்டி, கீழவளவு, யானைமலைன்னு கிளம்பினா தடுத்துடுங்க. சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் உள்ள பாறைங்க. அரிட்டாபட்டி 2022லயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்ட இடம். அழகர்மலைப் பக்கம் காப்புக்காடு. கண்மாய் உள்வாயும் பட்டா கிடையாது. எழுத்துல சம்மதம் வாங்கின பட்டா நிலம்னா பிரச்சினை இல்லை. வரப்பு மேல வண்டிய நிறுத்தாதீங்க.

அப்புறம், நடுவர் பற்றாக்குறை எப்பவும் இருக்கும். காலை 6 மணிக்கே போய் 'நான் ஒரு செக்‌ஷனுக்கு நிக்கிறேன்'னு சொல்லுங்க. பென்சில், அட்டை, தொப்பி, ரெண்டு லிட்டர் தண்ணி போதும். வண்டிக்கு அங்கிட்டு இருக்கிற கால் உங்களுக்குத் தெரியாது, அதனால எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் வேணும்னு முன்னாடியே கேட்டு வாங்கிக்கங்க. ஒருத்தர் முடிச்சு வெளிய வந்ததும் மார்க்க விரல்ல காட்டுங்க, 5ன்னா கைய முழுசா விரிச்சு. அட்டையில குறிச்ச பிறகுதான் அடுத்த ஆள உள்ள விடணும்.