அணுகுண்டு போட மாட்டோம் என்ற வாக்குறுதியை நம்பலாமா?

தராசு:
அணு ஆயுதம் இல்லாத நாடுகள் மீது அதைப் பயன்படுத்த மாட்டோம் என்று ஐந்து அணு வல்லரசுகளும் (அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா) 1995 ஏப்ரலில் அறிவித்தன. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலும் 984-ஆம் தீர்மானத்தில் அதைக் குறிப்பிட்டது. மறு மாதமே, மற்ற நாடுகள் அணுகுண்டு செய்யக் கூடாது என்னும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் காலவரம்பின்றி நீட்டிக்கப்பட்டது. காரியம் முடிந்தது! தேர்தல் நேரத்து வாக்குறுதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வடகாற்று:
ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். லத்தீன் அமெரிக்காவை அணு ஆயுதமற்ற பகுதியாக்கிய 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கு, அந்நாடுகள் மீது அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்ற ஒரு கூடுதல் நெறிமுறை உண்டு. அதை ஐந்து வல்லரசுகளும் முறைப்படி ஏற்றிருக்கின்றன. அது சட்டப்படி கட்டுப்படுத்தும்.

தராசு:
அதற்கும் ஆளுக்கொரு விளக்கம் சேர்த்துத்தான் ஏற்றார்கள். சரி, தென்கிழக்கு ஆசியாவும் தன்னை அணு ஆயுதமற்ற பகுதியாக்கிக்கொண்டு, 1995-லிருந்து வல்லரசுகளின் அதே மாதிரி கையெழுத்துக்குக் காத்திருக்கிறதே? அப்புறம் உக்ரைன். எல்லையை மதிப்போம், அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்ட 1994 புடாபெஸ்ட் ஆவணத்தை நம்பி, தன் மண்ணில் இருந்த சோவியத் அணுகுண்டுகளை 1996-க்குள் ரஷ்யாவுக்கு அனுப்பி முடித்தது. 2014-இல் கிரிமியா ரஷ்யாவிடம் போயிற்று. 2022-இல் முழுப் போர்.

வடகாற்று:
இரண்டைப் போட்டுக் குழப்புகிறீர்கள். எல்லையை மதிப்போம் என்பது ஒரு வாக்கு, அது உடைந்தது, மறுக்கவில்லை. அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்பது வேறு வாக்கு. அது இன்னும் உடையவில்லை.

தராசு:
அதே ஆவணத்தின் நாலாவது, ஐந்தாவது பத்திகளைப் படியுங்கள். உக்ரைன் மீது அணுகுண்டு விழுந்தால் பாதுகாப்பு கவுன்சில் உதவ வேண்டும் என்று கோருவார்களாம். அங்கே எந்தத் தீர்மானத்தையும் தடுக்கும் வீட்டோ அதிகாரம் ரஷ்யாவிடம் இருக்கிறது! அடுத்தது விதிவிலக்கு: அணு ஆயுதம் இல்லாத நாடு, அணு ஆயுத நாடு ஒன்றோடு சேர்ந்து தங்களைத் தாக்கினால் வாக்கு செல்லாது. 2024 நவம்பரில் ரஷ்யா வெளியிட்ட கொள்கையும் இந்த ஓட்டையைத்தான் பெரிதாக்கியது: அணு ஆயுத நாட்டின் ஆதரவோடு நடக்கும் தாக்குதலைக் கூட்டுத் தாக்குதலாகவே பார்ப்பார்களாம். ஆதரவு எது என்று யார் முடிவு செய்வது? குண்டு வைத்திருப்பவரே.

நடுப்பக்கம்:
குறுக்கே வருகிறேன். விதிவிலக்கே இல்லாமலும் சொல்ல முடியும். 1964-இல் முதல் சோதனை நடத்திய அன்றே சீனா அப்படித்தான் சொன்னது.

தராசு:
சொன்னது சரி. சரிபார்க்க வழி?

வடகாற்று:
அதற்குத்தான் எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம் கேட்கிறோம். ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் 65 நாடுகள். ஒரு நாடு தலையாட்ட மறுத்தாலும் பேச்சு தொடங்காது. அந்த விதியை மாற்றச் சொல்லுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன்.

தராசு:
விதியை மாற்றவும் அந்த 65 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டுமே ஐயா!