முடி நீக்கக் கறுப்புத் தோலுக்கு டயோடு லேசர் ஆகாதா? யார் சொன்னது?

தாமிரபரணி: "மாநிறம், கறுப்பு நிறம் இருப்பவர்கள் டயோடு லேசர் பக்கமே போகக் கூடாது, தோல் வெந்துவிடும், 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் மட்டும்தான்" என்று நேற்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தார். வேறு யார், நம் கொங்குச்சிங்கம்தான். என் தங்கை நல்ல கறுப்பு. தாடை முடிக்கு டயோடுதான் போட்டாள். வேகவும் இல்லை, கருகவும் இல்லை.

கொங்குச்சிங்கம்: வணக்கம், வந்துவிட்டேன். லேசர் தேடிப் போய்ச் சூடாக்குவது முடியில் உள்ள மெலனின் என்ற கறுப்பு நிறமியை. நம் தோலிலும் அதே மெலனின்தான் நிறைய இருக்கிறது. 755 நானோமீட்டர் அலைநீள அலெக்சாண்ட்ரைட் லேசரை மெலனின் அதிகமாக உறிஞ்சும். 810 டயோடை அதைவிடக் குறைவாக. 1064 என்டி-யாக் லேசரை இன்னும் குறைவாக. அது ஆழமாகவும் இறங்கும். அதனால் 1064. தங்கைக்கு அதிர்ஷ்டம்.

தாமிரபரணி: தோல் குறைவாக உறிஞ்சினால் முடியும் குறைவாகத்தானே உறிஞ்சும்? மெல்லிய முடிக்கு உங்கள் 1064 சரியாக வேலை செய்யாது. அதைச் சொல்ல மாட்டீர்களே! கறுப்புத் தோலுக்கு ஆற்றலைக் குறைத்து, ஒவ்வொரு ஒளித் துடிப்பின் நேரத்தையும் நீட்டி, தோலைக் குளிரவைத்து டயோடு போடுகிறார்கள்.

கொங்குச்சிங்கம்: 1064.

பட்டணத்தார்: ஆம்பளைக்கு எதற்கய்யா இதெல்லாம்? அந்தக் காலத்தில் பெண்கள் கஸ்தூரி மஞ்சள் பூசினார்கள், முடிந்தது.

மல்லிகா: மஞ்சளுக்கு முடி போய்விடும் என்றால் பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் முகத்தில் முடி வளரும் சினைப்பைப் பிரச்சினை) உள்ள நாங்கள் ஏன் இந்தப் பாடு படுகிறோம்? ஹார்மோனைக் கவனிக்காமல் எந்த லேசர் போட்டாலும் முடி திரும்ப வரும். ஆண்களிலும் சவரம் செய்தால் முடி உள்ளே சுருண்டு கொப்புளமாகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது அலங்காரம் இல்லை, வைத்தியம்.

பட்டணத்தார்: என் நரைத்த தாடிக்கும் போடுவார்களா?

மல்லிகா: நரையில் மெலனின் இல்லை, லேசர் பிடிக்காது. ஒவ்வொரு முடி வேரிலும் மின்சாரம் பாய்ச்சி அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான். மஞ்சள் பூசிக்கொள்ளுங்கள்.

கொங்குச்சிங்கம்: விவாத இழை திசை மாறுகிறது. தாமிரபரணி இன்னும் பதில் சொல்லவில்லை. முடி வளர்க்கும் மருந்தான மினாக்சிடில் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் ஓடினார். திரும்பச் சொல்கிறேன், கறுப்புத் தோலுக்கு 1064.

தாமிரபரணி: ஓடவில்லை, சாப்பிடப் போனேன். மினாக்சிடிலை நிறுத்தினாலும் முடி நிற்கும் என்று சொன்ன மேதை நீங்கள்தானே? தங்கையைக் கேட்டேன். 755, 810, 1064 மூன்றும் ஒரே கைப்பிடியில் வரும் கருவியாம்.

கொங்குச்சிங்கம்: பார்த்தீர்களா! அதில் 1064 இருக்கிறது. தோல் தப்பித்தது அதனால்தான்.

தாமிரபரணி: ஐயா, அதில் மூன்றுமே டயோடு. 1064-உம் டயோடு!

கொங்குச்சிங்கம்: எதுவாக இருந்தால் என்ன, எண் 1064தானே?

மல்லிகா: ஒருவர்கூட போடும் முன் வேக்சிங், த்ரெடிங் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. வேர் உள்ளே இருந்தால்தான் லேசருக்கு வேலை.

கொங்குச்சிங்கம்: அதற்குத் தனி இழை திறவுங்கள். இங்கே பேச்சு 1064 பற்றி.