போர்ட்டல் ஃப்ரேம்: ஹிஞ்ச் போட்டால் ஸ்வே தாங்கவில்லை, ஃபிக்ஸட் போடலாமா?

சூலூர்க்காரன்:
வணக்கம். சூலூர் பக்கம் ஒரு குடோன், போர்ட்டல் ஃப்ரேம் (இரு தூணும் மேல் உத்திரங்களும் சேர்ந்த ஸ்டீல் சட்டம்). 18 மீட்டர் ஸ்பான் (அகலம்), ஈவ்ஸ் (தூணின் மேல்முனை) உயரம் 6 மீட்டர், ஃப்ரேம் இடைவெளி 6 மீட்டர். தூணும் ராஃப்டரும் (கூரை உத்திரம்) ஐஎஸ்எம்பி 350, அதாவது 350 மிமீ ஆழமான ஐ-வடிவ ஸ்டீல். உள்ளே ஓடும் கிரேன் கிடையாது. ஸ்டாட் (STAAD, ஸ்ட்ரக்சர் கணக்கு சாஃப்ட்வேர்)-ல் தூணின் அடியில் ஹிஞ்ச் (சுழலக்கூடிய இணைப்பு) கொடுத்தால் காற்றுக்கு ஈவ்ஸ் பக்கவாட்டில் 54 மிமீ நகர்கிறது (இதுதான் ஸ்வே). ஷீட்டுக்கு உயரம்/150, அதாவது 40 மிமீதான் அனுமதி. ஃபிக்ஸட் (சுழலாத இணைப்பு) கொடுத்தால் 12 மிமீ. ஆனால் ஃபவுண்டேஷன் பார்க்கும் சிவில் கன்சல்டன்ட், "மொமென்ட் எதுவும் அனுப்பாதீங்க, ஃபுட்டிங் டிராயிங் போயாச்சு" என்கிறார் (மொமென்ட் என்றால் தூணடி தரும் திருப்பு விசை). ஒவ்வொரு தூணுக்கும் தனி ஃபுட்டிங் (அடித்தளம்), கரிசல் மண். நடுவில் ஏதாவது வழி உண்டா?

போல்ட்ராஜா:
4 ஆங்கர் போல்ட் போட்டாலே ஃபிக்ஸட்தான் ப்ரோ. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழைய ஃபேப்ரிகேட்டர்:
இல்லை. இப்போது ஹிஞ்ச் பேஸுக்கும் 4 போல்ட்தான் போடுகிறோம். கிரேனில் தூக்கி நிறுத்தும்போது தூண் சாயக்கூடாது, அதற்காக. போல்ட்டை எண்ணி ஃபிக்ஸட் என்று முடிவு செய்ய முடியாது. பேஸ் பிளேட்டின் (தூணடித் தகட்டின்) தடிமன், போல்ட் ஃப்ளேஞ்சுக்கு (தூணின் வெளிப்பட்டைக்கு) வெளியே இருக்கிறதா, கீழே பெடஸ்டலும் (ஃபுட்டிங் மேல் நிற்கும் குட்டைக் கான்கிரீட் தூண்) மண்ணும் எப்படி என்று எல்லாம் சேர்ந்துதான் விறைப்பு.

தம்பி, ஐஎஸ் 800:2007 (இந்திய ஸ்டீல் டிசைன் கோடு)-ல் பிரிவு 4.3.4-ஐப் படியுங்கள். தூணை அஸ்திவாரத்தோடு சும்மா பெயருக்கு இணைத்திருந்தால் அடியின் விறைப்பாகத் தூணின் விறைப்பில் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம். நன்றாக இறுக்கி இணைத்திருந்தால் தூணின் விறைப்பு எவ்வளவோ அவ்வளவு. நிஜமான பின் அல்லது ராக்கர் வைத்தால்தான் முழு ஹிஞ்ச். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை: பாறையோ மிகக் கெட்டியான மண்ணோ இல்லாத இடத்தில் தனி ஃபுட்டிங் என்றால், ஃபுட்டிங் அடிமட்டத்தில் ஹிஞ்ச் என்று எடுக்கச் சொல்கிறது. கரிசல் மண்ணில் உட்கார்ந்துகொண்டு ஃபிக்ஸட் கேட்பது நியாயமில்லை.

உங்கள் கணக்கையே போடுவோம். ஐஎஸ்எம்பி 350-க்கு ஐ மதிப்பு (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டு அளவு) 13,630 செமீ⁴. தூணின் விறைப்பு 4இஐ/எல் (இ ஸ்டீலின் மீள்தன்மை எண், எல் தூணின் உயரம்) சுமார் 18,170 கிலோநியூட்டன் மீட்டர்/ரேடியன். அதில் 10 சதவீதம் 1,817. கையால் போட்டுப் பார்த்தேன், 54 என்பது சுமார் 38 மிமீ ஆகிறது. பிஎஸ் 5950 (பழைய பிரிட்டிஷ் ஸ்டீல் கோடு) காலத்திலிருந்தே பிரிட்டனில் டிஃப்ளெக்ஷனுக்கு (நகர்வுக் கணக்குக்கு) மட்டும் 20 சதவீதம் அனுமதிக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 30 மிமீ. நம் கோடில் அந்த 20 இல்லை, அதனால் நான் 10-ஐத் தாண்ட மாட்டேன்.

இங்கேதான் ஒரு குழி. இந்த 10 சதவீதத்தை ஸ்டாட்-ல் தூணடியில் சுழற்சி ஸ்ப்ரிங்காகக் கொடுக்க வேண்டும்; அதை டிகிரிக்குக் கேட்கும், ரேடியனுக்கு இல்லை. 57.3-ஆல் வகுத்து 31.7 என்று கொடுங்கள். 1,817-ஐ அப்படியே அடித்தால் ஸ்ப்ரிங் தூணைப் போல கிட்டத்தட்ட 6 மடங்கு விறைப்பாகி, ஏறக்குறைய ஃபிக்ஸட் பதிலே வரும். ஸ்வே அழகாகக் குறைந்துவிட்டது என்று டிசைனர் சந்தோஷப்படுவார்.

ஸ்ப்ரிங் பிடிக்காதவர்களுக்கு டம்மி மெம்பர் (மாடலில் மட்டும் இருக்கும் போலி உத்திரம்) வழி உண்டு. தூணின் அடியிலிருந்து கிடையாகத் தூண் உயரத்தின் 0.75 மடங்கு நீளம், உங்களுக்கு 4.5 மீட்டர். ஐ 1,363 செமீ⁴, மறுமுனை ஹிஞ்ச். அந்த மறுமுனையில் வரும் செங்குத்து ரியாக்ஷனை (தாங்கு விசையை) தூணின் ரியாக்ஷனோடு கூட்டிய பிறகே ஃபுட்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். மறந்தால் அப்லிஃப்ட் (தூணை மேலே தூக்கும் விசை) தப்பாகிவிடும்.

சூலூர்க்காரன்:
நன்றி அண்ணா. 31.7 போட்டேன், 39 வந்தது. அப்படியானால் சிவில்காரரிடம் என்ன சொல்ல? இன்னொன்று, கீழே 3 மீட்டருக்கு செங்கல் சுவர் வருகிறது என்று இன்றுதான் சொன்னார்கள்.

பழைய ஃபேப்ரிகேட்டர்:
வலிமைக்கு ஹிஞ்ச் மாடல், டிஃப்ளெக்ஷனுக்கு ஸ்ப்ரிங் மாடல் என்று இரண்டு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்ப்ரிங் எடுக்கும் மொமென்ட் பேஸில் வரத்தான் செய்யும். சர்வீஸ் காற்றில் (லோட் ஃபேக்டர் பெருக்காத காற்றில்) ஸ்வேயால் மட்டும் சுமார் 12 கிலோநியூட்டன் மீட்டர். பெரிய விஷயமில்லை, ஆனாலும் அந்த எண்ணை எழுதியே அனுப்புங்கள், போல்ட்டையும் ஃபுட்டிங் விளிம்பு அழுத்தத்தையும் அவர் சரிபார்க்கட்டும். "மொமென்ட் அனுப்பாதீங்க" என்று சொல்வதால் மண்ணுக்கு மொமென்ட் வராமல் போகாது.

சுவர்தான் பெரிய தலைவலி. தூணோடு ஒட்டிக் கட்டினால் உயரம்/240, அதாவது 25 மிமீ. 39-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சுவருக்கும் தூணுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, சுவரைத் தன் காலில் நிற்க வையுங்கள். இல்லையென்றால் தூண், ராஃப்டர் இரண்டையும் ஐஎஸ்எம்பி 450-க்கு மாற்றுங்கள். எடை கூடும், ஓனரிடம் பேசுங்கள்.

போல்ட்ராஜா:
டேப்பர் தூண் (அடியில் ஒடுங்கி மேலே அகலும் தூண்) என்றால் எந்த ஐ எடுக்க?

பழைய ஃபேப்ரிகேட்டர்:
நான் அடிமுனையின் ஐ-யைத்தான் எடுப்பேன். விறைப்பு குறைவாகவே வரும், அது பாதுகாப்பான பக்கம். சராசரி எடுத்தால்தான் ஸ்வே பாஸ் ஆகிறது என்ற நிலை வந்தால் தூணைக் கொஞ்சம் அகலப்படுத்திவிடுங்கள்.